இடையூறில்லாத நகல்

எங்கள் மருத்துவமனையில் எவரும் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு: கணினி அமைப்பை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இயக்குநர் அதை வாய்விட்டுச் சொன்னதுமில்லை. எனக்கு முன்னிருந்தவர் நோயாளிகளின் பதிவுகளைக் காப்பு நகல் எடுப்பதற்காக ஒருமுறை நிறுத்தினார். அடுத்த வாரம் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

ஆகவே அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுக்கக் கற்றுக்கொண்டேன். வார்டுகளில் எவருடைய வேலையும் தடைபடவில்லை. அந்த முறையில் சிறு குறை உண்டு. யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பை அது தொடாது. முன்பு எடுத்த நகலையே வைத்துக்கொண்டு கடந்துவிடும். அப்போதெல்லாம் திரையில் சிவப்பு எச்சரிக்கை தோன்றும். இயக்குநருக்குச் சிவப்பு பிடிக்காது. எச்சரிக்கையை அணைத்துவைத்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி என் அண்ணி. இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவரும் அவரே. கவலைக்கிடமான நோயாளியின் கோப்பை அவர் மூடவே மாட்டார்.

"உங்க திரை தூங்கவே தூங்காதா அண்ணி?" என்று சீண்டியிருக்கிறேன்.

"நோயாளி தூங்கினா போதும் தம்பி. திரைக்கு என்ன கேடு?"

சேர்ந்து சிரித்தோம். மிக மோசமான நிலையில் இருப்பவர்களின் விவரங்களே என் நகலில் மிகப் பழையவை என்பதை, சிரிக்கும்போதே நான் அறிந்திருந்தேன்.

ஒரு முற்பகலில், பதிவுகள் இருந்த வன்தட்டு பழுதானது. தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் நகலிலிருந்து மீட்டேன். எல்லாம் வந்துவிட்டதா என்று இயக்குநர் கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

அன்று பிற்பகல், அண்ணியின் பிரிவில் இருந்த தச்சர் ஒருவருக்கு அவருடைய உடல் ஏற்காத மருந்தை மருத்துவர் ஊசியில் செலுத்தினார். திரையில் ஒவ்வாமைக் குறிப்பு இல்லை. மாலைக்குள் தச்சர் இறந்துபோனார். முந்தைய நாளே குறிப்பைப் பதிந்ததாக அண்ணி சொன்னார், யாரும் நம்பவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அண்ணன் என் அறைக்கு வந்து, உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடு என்று கெஞ்சினார். மறதி மனித இயல்பு என்று அவரைத் தேற்றி அனுப்பினேன்.

எனக்கு எப்போது தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள்? மீட்டு முடித்த கணமே தெரியும். தச்சரின் கோப்பைத் திறந்தே பார்த்தேன், பழையது. ஊசி போடுவதற்கு முன்பு போதிய நேரம் இருந்தது. ஆனால் சொல்லியிருந்தால் எல்லா வார்டுகளும் வேலையை நிறுத்திச் சரிபார்க்க வேண்டியிருந்திருக்கும். சொல்லவில்லை.

மருத்துவமனை நடத்திய விசாரணையில் அண்ணி அழவில்லை. என் பக்கம் திரும்பாமல், இயக்குநரை நேராகப் பார்த்தார்.

"சிஸ்டத்தை நிறுத்துங்க சார். இவன் எடுத்த நகல் எந்த நாளோடதுன்னு எல்லார் முன்னாடியும் திறந்து காட்டட்டும்."

வேலை நேரத்தில் நிறுத்தினால் நோயாளிகள் பாதிக்கப்படுவார்களே என்று, உண்மையான கவலையோடுதான், நான் எடுத்துச் சொன்னேன்.