அமைதிக் குறைவு

இல்லை அண்ணை, சுத்தி வளைக்காதேங்கோ. அனலைதீவிலையிருந்து லோஞ்சு பிடிச்சு வந்து கந்தோர்க் கிளாக்கர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தாறியள். வேறை என்னத்துக்கு? இறுப்பிட்டி நாகபூசணியை உங்கடை தம்பிக்குக் கலியாணம் பேசியிருக்கிறியள். ஆரோ குறுக்கை ஒரு கதை சொல்லிப்போட்டினம். நல்ல ஆளிட்டைத்தான் வந்திருக்கிறியள். அவள் வேலை செய்த இடத்திலைதான் நானும் ஏழு வரியமா வேலை.

எங்கடை இடத்தைக் கண்டிருக்கிறியளோ? வாசல்லை மன ஆறுதல் சங்கம் எண்டு பெரிய பலகை. மனம் குழம்பின சனத்தைத் தருமத்துக்குப் பாக்கிற இடம். தலைவர் தியாகலிங்கம் ஐயா, முந்திக் கோட்டிலை பிறக்கிராசியா வழக்குப் பேசினவர். நாங்கள் செய்யிறது வேலையில்லையாம், தொண்டாம். தொண்டெண்டால் விளங்குந்தானே, லீவு கேக்கேலாது.

காலமை எட்டு மணிக்கு எல்லாரும் வட்டமா நிண்டு கண்ணை மூடி, என்ரை மனம் அமைதியாயிருக்கு எண்டு ஆளுக்கொருக்காச் சொல்லவேணும். குசினிப் பரிமளமும் சொல்லவேணும், அங்கை அடுப்பிலை கஞ்சி பொங்கி ஊத்த ஊத்த. ஆரும் குறை சொன்னால் ஐயா கோவிக்கமாட்டார். தலையைச் சரிச்சு, உமக்கு அமைதிக் குறைவு, கொஞ்ச நாள் தியான அறையிலை இரும் எண்டுவார். தியான அறையெண்டது விறகு போடுற அறை. தோட்டம் கொத்துற குருசுமுத்து, கூரை ஒழுகுதெண்டு சொல்லி மூண்டு நாள் உள்ளுக்கை இருந்தவன். வெளியிலை வந்தாப்பிறகு கூரை ஒழுகேல்லை எண்டான்.

நாகபூசணிதான் பொம்பிளையள் பக்கத்துக்குப் பொறுப்பு. அங்கை றோசம்மா எண்டு ஒரு மனிசி. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளையிலையிருந்து வாய் திறக்கிறேல்லை. நாகபூசணியோடை மட்டும் ரெண்டு சொல்லுக் கதைக்கும். ஆள் கடற்கரைக்கு ஓடுதெண்டு சொல்லி, காலைச் சன்னல் கம்பியோடை கயித்தாலை கட்டி வைக்கிறது. ஐயாவின்ரை கட்டளை. அவிட்டுவிடச் சொல்லி இந்தப் பிள்ளை எத்தினை தரம் கேட்டது. ஒவ்வொரு தரமும் அமைதிக் குறைவு.

போன பங்குனியிலை கொழும்பாலை சங்கத்துக்குக் காசுதவி செய்யிற ஆக்கள் பாக்க வந்தினம். எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. றோசம்மாவை அவிட்டு, கதிரையிலை இருத்தி, கையிலை ஒரு பூவும் குடுத்தாச்சு. வந்த ஆக்கள் கிட்ட வந்து நிக்க, நாகபூசணி குனிஞ்சு மனிசியின்ரை சீலையைக் கணுக்காலுக்கு மேலை உயத்தினாள். புண். சீழ் பிடிச்சிருந்தது. காலமை வரைக்கும் கட்டிக்கிடந்த கால் இது, நீங்கள் போனவுடனை திரும்பக் கட்டுவினம் எண்டாள். சத்தம் போட்டுத்தான் சொன்னவள். ஓம்.

ஐயா சிரிச்சார். பாவம், இதுவும் எங்களிட்டை வைத்தியத்துக்கு வந்த பிள்ளைதான், இப்ப கொஞ்சம் தெளிஞ்சு வருது எண்டார்.

வந்ததிலை ஒரு அம்மா கண் கலங்கி அவளின்ரை தலையைத் தடவினா. நான் இஞ்சை வேலை செய்யிறனான் எண்டு அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவைக்கு இரக்கம் கூடிச்சுது. பேந்து எங்களைத் திரும்பிப் பாத்தாள். பரிமளம், குருசுமுத்து, நான், மூண்டு பேரும் சுவரோடை நிண்டனாங்கள். எல்லாற்றை மனமும் அமைதியா இருந்தது.

அண்டைக்கே அவளை ஐயா வேலையாலை நிப்பாட்டிப்போட்டார். போகமுன்னம் றோசம்மாவின்ரை காலுக்கு மருந்து கட்டிப்போட்டுத்தான் போனவள்.

அவளுக்கு விசரோ? அண்ணை, அந்த வளவுக்கை புத்தி தெளிஞ்சு நிண்டது அவள் ஒராள்தான். தம்பிக்குத் தாராளமாச் செய்து வையுங்கோ.

என்ன, நோயாளியளின்ரை புத்தகத்திலை அவளின்ரை பேர் கிடக்கெண்டோ? அதுவும் வந்திட்டுதோ காதுக்கு? ஓம், கிடக்கு. வந்த ஆக்கள் வெளிக்கிட முன்னம் புத்தகத்தையும் பாக்கவேணும் எண்டு கேட்டவை. நல்லகாலம், தை மாசப் பக்கத்தின்ரை அடியிலை ஒரு வரி வெறுமையாக் கிடந்தது. பேர் நாகபூசணி. நோய், உரத்துக் கதைத்தல். அவை தேத்தண்ணி குடிச்சு முடிய மை காய்ஞ்சிட்டுது.

ஆர் எழுதினதோ? அந்தப் புத்தகத்திலை ஏழு வரியமா ஒரு எழுத்துத்தானே அண்ணை. என்ரை எழுத்து.

அந்த வரியை வெட்டிவிடச் சொல்லுறியளோ? வெட்டினால் தெரியும். பேந்து என்ரை பேருக்கும் ஒரு வரி தேடுவினம். இருங்கோ, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.