உறுதிமொழி ஒத்திகை

தாண்டவராயன்: ...உயிர் உள்ளவரை உழுத மண் காப்போம்! சேரி தலை தூக்கினால்...

சொக்கம்மாள்: ஐயோ மாமா! மறுபடியும் பழைய வரியா?

தாண்டவராயன்: இன்னா பண்ணச் சொல்றே சொக்கு... வாய் தானா ஓடுது.

சொக்கம்மாள்: சாயங்காலம் காலனியில கொடி ஏத்திட்டு, மைக்ல இப்டியே ஓட்டு. பஞ்சாயத்துத் தலைவரு ஆவறதுக்கு முன்னாடியே உன் போட்டோவுக்கு மாலை போட்டுடுவாங்க!

தாண்டவராயன்: உஷ்... யாரோ வராங்க.

தானியேல்: தலைவரே... நான்தான், காலனி தானியேலு.

தாண்டவராயன்: வாடா... அதாவது, வா தம்பி! உள்ளயே வா!

சொக்கம்மாள்: நாற்காலியில உக்காரு தானியேலு. எலக்‌ஷன் முடியற வரைக்கும் உங்காளுங்க யாரும் தரையில உக்காரக் கூடாதாம். மாமா உத்தரவு.

தாண்டவராயன்: நீ சும்மா இரு! தம்பி, காலனியில இன்னா பேசிக்கிறாங்க? இத்தினி வருசம் கழிச்சி பஞ்சாயத்து எலக்‌ஷன் வந்துகீது. உங்க ஓட்டு மொத்தமா விழுந்தாத்தான் எதிர்த்து நிக்கற அந்த ராஜாராமை மண்ணைக் கவ்வ வைக்க முடியும்!

தானியேல்: சனம் ஒரே குஷியா கீது தலைவரே. உங்க கட்சிக் கொடி காலனிக்குள்ள வர்றது இதான் முதல் தபா. ஆனா... பெருசுங்கதான் பயப்படுதுங்க.

தாண்டவராயன்: எதுக்குப் பயம்?

தானியேல்: கட்சி ஆவறதுக்கு முன்னாடி இதுக்கு 'மண் காவல் படை'ன்னு பேரு. எங்க குடிசைங்களைக் கொளுத்தின படை.

தாண்டவராயன்: அட, அது எந்தக் காலத்துக் கதை! பேரை மாத்தியாச்சு, கொடியை மாத்தியாச்சு, உறுதிமொழியைக்கூட மாத்தியாச்சு! வெளியூர்க்காரனுங்க வந்து ஏத்திவுட்ட வெறி அது. அந்த ராத்திரி நான் ஊர்லயே இல்ல. பழையசீவரத்துல மாமனார் வூட்டுல இருந்தேன். இவளையே கேளு!

சொக்கம்மாள்: ...ம்.

தானியேல்: சரிங்க. அப்ப உறுதிமொழியை ஒரு தபா சொல்லிக் காட்டுங்க. மைக் செட் கட்டறவன் நான்தானே... உங்க குரல் எவ்ளோ ஏறும்னு தெரியணும்.

தாண்டவராயன்: அதுக்கின்னா! எனக்கு மேடைதான் புதுசு, தொண்டை பழசு. கேளு... உயிர் உள்ளவரை உழுத மண் காப்போம்! சாதி பார்க்க மாட்டோம், சரிசமமாய் வாழ்வோம்!

சொக்கம்மாள்: அப்பாடா!

தானியேல்: இன்னும் சத்தமா தலைவரே... ஏரிக்கரையில நிக்கறவனுக்குக் கேக்கணும்.

தாண்டவராயன்: உயிர் உள்ளவரை உழுத மண் காப்போம்!

தானியேல்: இன்னும்... அடிவயித்துலேர்ந்து!

தாண்டவராயன்: உயிர் உள்ளவரை உழுத மண் காப்போம்! சேரி தலை தூக்கினால், தூக்கிய தலை கொய்வோம்!

சொக்கம்மாள்: போச்சு!

தாண்டவராயன்: ஐயய்யோ... தம்பி, அது... ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தது. காதுல விழுந்து விழுந்து...

சொக்கம்மாள்: காதுல விழுந்ததா? நீயே எழுதினதுதானே மாமா! படைக்கு முன்னாடி நின்னு நீ கத்துவே, அவனுங்க பின்னாடி...

தாண்டவராயன்: சொக்கு! வாயை மூடு!

தானியேல்: அவங்களைத் திட்டாதீங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிபோச்சு.

தாண்டவராயன்: இன்னா... இன்னா தெரிஞ்சிது?

தானியேல்: குடிசை எரியறப்ப நான் சின்னப் பையன். எங்கம்மா என் வாயைப் பொத்திக்கினு வாய்க்கால் தண்ணியில கெடந்துச்சு. இருட்டுல மூஞ்சி தெரியல. ஒரு குரல் மட்டும் முன்னாடி... 'கொய்வோம்'னு இழுத்துக்கினு. நீங்க பேசற குரல் வேற தலைவரே. கத்தற குரலை இன்னைக்குத்தான் கேட்டேன்.

தாண்டவராயன்: வயசு அப்டிடா... ரத்தச் சூடு! இப்ப நான் சுத்தமா மாறிட்டேன், தானியேலு!

தானியேல்: மாறினவரு பழையசீவரத்துல இருந்தேன்னு ஏன் சொன்னீங்க?

சொக்கம்மாள்: ஐயோ, கெளம்பிட்டானே மாமா!

தாண்டவராயன்: இரு... எங்கடா ஓடறே? சாயங்காலம் கொடியேத்தம் கீது!

தானியேல்: உத்திரமேரூருக்கு ஓடறேன்! மூணு மணியோட வேட்புமனு வாங்கறதை நிறுத்திடுவாங்க. யூனியன் ஆபீஸ் வாசல்ல காலனியே நிக்குது, என் பேர்ல மனு எழுதி வெச்சிக்கினு. 'அது தாண்டவராயன் குரல் இல்லேன்னா இதைக் கிழிச்சிட்டு அவருக்கே ஓட்டுப் போடுவோம். அவரு குரல்தான்னா நீ நில்லு'ன்னு சொல்லித்தான் என்னை இங்க அனுப்பினாங்க!