வறுமை குறைந்த மாவட்டத்தில் வாசலைத் திறந்து வைத்தவருக்கு

ஆல்டர் லேக் மாவட்டத்தின் அன்புக்கு அணிகலனே! பசித்தவர் முகம் பார்த்தே பரிவு காட்டிய பண்பின் பெட்டகமே! பனிக்காலத்துக் கதிரொளியே! உதவித்துறை மேலாளர் திருமதி மார்லிஸ் எங்கெப்ரெட்சன் அம்மையீர்! வணங்கி வாழ்த்துகிறோம்.

மின்னசோட்டா மாநிலத்தில் வறுமை மிகக் குறைந்த மாவட்டங்களுள் ஒன்று நம்முடையது. அந்தப் பெருமையே ஒருநாள் பகையாய் வந்து நின்றது. மாவட்ட மன்றக் கூட்டத்தில் அதன் தலைவர் ரோலண்ட் ஹேவர்காம்ப், "நம்ம ஊர்ல ஏழைன்னு யார் இருக்கா, மார்லிஸ்? உணவு உதவி மையத்துக்கு ஒருத்தரும் வர்றதில்ல. பூட்டிடலாமே?" என்றார்.

தாங்கள் சினக்கவில்லை. "பசி இல்லாம இல்ல, ரோலண்ட். வெட்கம். எல்லாரும் நல்லா இருக்கிற ஊர்ல, இல்லாதவன் எப்படி வெளிய வருவான்? இந்தக் குளிர்காலம் போகட்டும், அப்பவும் யாரும் வரலன்னா பூட்டுங்க" என்றீர்கள்.

மறுவாரமே மையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினீர்கள். வியாழன்தோறும் ஊர் விருந்து. இருப்பவரும் வரலாம், இல்லாதவரும் வரலாம், எவரும் எவரையும் எதுவும் கேட்கலாகாது என்று அறிவித்தீர்கள். முதல் வாரம் வந்தவர்கள் ஊழியர்களாகிய நாங்கள் மட்டுமே! நம் ஏரிகளில் விளையும் காட்டரிசியில் செய்த சூப்பை நாங்களே குடித்துத் தீர்த்தோம். "வயிறு நிறைஞ்சுதா? அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரங்களையும் இழுத்துட்டு வாங்க" என்று சிரித்தீர்கள். அச்சிரிப்பின் பின்னிருந்த கலக்கத்தை நாங்கள் அறிவோம்.

கடும்பனிக் காலத்தில் கூடம் நிறைந்தது. ஒரு மாலை மன்றத் தலைவரும் வந்தார். பக்கத்தில் அமர்ந்தவர் அவருடைய அண்டை வீட்டுக்காரர் கர்ட்டிஸ் லிண்ட்ஹோம். கர்ட்டிஸ் மீண்டும் மீண்டும் கிண்ணத்தை நீட்டவே, "என்னப்பா, வீட்ல சமைக்கலையா?" என்று தலைவர் கேலி செய்தார்.

கர்ட்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "வேலை போய் ஆறு மாசம் ஆச்சு, ரோலண்ட். வீடு பெரிசுதான். சமைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

கேலி செய்தவர் தலை கவிழ்ந்தார். தாங்களோ ஒரு சொல்லும் சொல்லாமல் இருவர் கிண்ணத்திலும் சூப்பை ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தீர்கள். அம்மையீர், வென்றவர் பேசாதிருக்கும் பெருந்தன்மையை அன்றுதான் கண்டோம்!

வசந்தத்தில் மன்றம் கூடியபோது மையம் தொடரவேண்டும் என்று முன்மொழிந்தவர் ஹேவர்காம்ப்பே! வேறு வேலை கிடைத்துவிட்ட கர்ட்டிஸ்தான் இன்று வியாழக்கிழமைச் சமையலுக்குப் பொறுப்பாளர். இம்மடலை எழுத அமர்ந்தபோது அவர் பெயரைச் சேர்க்கத் தயங்கினோம். அவர் விடவில்லை. "பேரைப் போட்டே எழுதுங்க. அதைப் பார்த்துட்டு இன்னும் ஒருத்தர் கூச்சப்படாம உள்ள வரட்டும்" என்றார்.

தாயுள்ளம் கொண்ட தகைமையாளரே! ஏரிகள் உறைந்து உருகும் ஆண்டுகள் பலவும் நோயற்ற உடலோடும் நிறைந்த மனத்தோடும் தாங்கள் நீடு வாழ்க! தாங்கள் திறந்த வாசலை நாங்கள் சாத்தமாட்டோம்.

என்றும் தங்கள் அன்பில்,
உதவித்துறை ஊழியர்கள்,
ஆல்டர் லேக் மாவட்டம்