பார்த்தாயிற்று

எனக்குப் பொறுமை அதிகம் என்று பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். நீங்களே விசாரித்துப் பார்க்கலாம், ஐயா. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வேன். ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது அதுதான். மாணவர்களிலேயே மோசமான மாணவர்கள் ஆசிரியர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள், வீட்டுப்பாடம் செய்ய மாட்டார்கள், கேட்டால் கோபம் வேறு பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் பள்ளியில் நாற்பத்தொரு ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஒன்பது இணையப் பாடங்களை முடிக்க வேண்டும். முடித்தவர் பெயர் பட்டியலில் பச்சையாகும். நாற்பத்தொன்றும் பச்சையானால் பள்ளிக்கு முன்மாதிரிப் பள்ளி என்று பெயர் கிடைக்கும், எனக்கு மேலிடத்தில் பயிற்சியாளர் பதவி கிடைக்கும். நாற்பது பேரைக் கரையேற்றிவிட்டேன். மிச்சம் வேதியியல் டீச்சர்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடச் சர்வீஸ். புத்தகத்தைத் திறக்காமலே கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதுவார். மவுஸைத் தொட்டால் மட்டும் கை உதறும். ஐந்து பாடங்கள்வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தேன். ஆறாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு தம்பி. என்னை விட்டுடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். மிச்சமிருந்த நான்கு பாடங்களையும் ஒரு மதிய இடைவேளையில் அவர் பெயரில் நானே முடித்தேன். அக்கா கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். ஓடிபி வர வேண்டுமே என்று அவர் கணக்கில் என் எண்ணைப் பதிந்தேன். சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தபோது, “நான் பாஸா? என் பொண்ணு நம்பவே மாட்டா” என்று சிரித்தார். அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறாவது பாடம் புகார்ப்பெட்டியைப் பற்றியது. மாணவர்கள் செயலியில் எழுதும் புகார் ஆசிரியருக்கு வரும். ஒரு நாளைக்குள் அவர் ‘பார்த்தாயிற்று’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அவர் பெயர் சிவப்பாகிவிடும். புகார் சரிசெய்யப்பட்டதா என்று கேட்க அந்தப் பட்டியலில் இடமில்லை. வாயால் சொல்வதெல்லாம் இனிமேல் புகார் ஆகாது, எழுதினால்தான் புகார் என்று காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் நான்தான். பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள்.

அக்காவுக்கு வந்த புகார்கள் என் கைபேசிக்கு வந்தன. மார்க் கூட்டல் தப்பு, செய்முறை நோட்டைக் காணோம், இப்படிச் சில்லறை விஷயங்கள். அழுத்திவிடுவேன். பிறகு பதினோராம் வகுப்பின் ஆய்வக லீடர் எழுதினாள். “மிஸ், மூணாவது டேபிள் கேஸ் குழாய மூடினாலும் லேசா வாசனை வருது.”

அன்று அக்காவும் நானும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார். நான் விளக்க வேண்டும். அக்கா வயிற்றில் எதுவும் தங்காது, அடுத்த மணிக்குள் தலைமையாசிரியை காதுக்குப் போய்விடும். மேலிடத்திலிருந்து பள்ளியைப் பார்வையிட வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆய்வக உதவியாளர் கவனிப்பார் என்று விட்டுவிட்டேன். அக்காவே முகர்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. இருபத்தாறு வருட அமிலப் புகையில் அவர் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. அதை அவரே வேடிக்கையாகச் சொல்லுவார்.

அடுத்த வாரம், வாசனை ஜாஸ்தியாகிறது என்று எழுதினாள். அழுத்தினேன். அதற்கடுத்த புதன்கிழமை மூன்றாவது வந்தது.

“மிஸ், நீங்க பாத்துட்டீங்கன்னு காட்டுது. அப்ப சரி பண்ணியாச்சுன்னு நினைச்சுக்கறேன். நாளைக்கு அந்த டேபிள் எங்களுக்குத்தான். தேங்க்ஸ் மிஸ்.”

மரியாதையான பெண். விஷயம் தானாகவே முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அதையும் அழுத்தினேன்.

வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில் தீக்குச்சியைக் கிழித்தது அவள்தான். லீடர்தான் கிழிக்க வேண்டும் என்பது ஆய்வக வழக்கம். கூட நின்ற இருவர் பிழைத்துக்கொண்டார்கள். அவள் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

பள்ளி விசாரணையில் அக்கா முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். மூன்று புகார், மூன்று பார்த்தாயிற்று, மூன்றுக்கும் நேரே அவர் பெயர். ஆறாவது பாடத்தை நீங்கள்தானே முடித்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஆமாம் என்றார். என் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பார். பாடத்தை மட்டும்தான் நான் முடித்தேன் என்று அவர் நம்பினார். பொத்தான் சங்கதி அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அட்டெண்டன்ஸ் போடறப்ப என்னென்னமோ வந்து நிக்கும் தம்பி. எல்லாத்தையும் அமுக்குவேன். அதுல இதுவும் வந்திருக்கு. பாத்திருக்கேன், பாத்துட்டு மறந்திருக்கேன். என் மூளைக்கு என்னமோ ஆயிடுச்சு.”

“அப்படித்தான் இருக்கும்க்கா” என்றேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். நான் போகவில்லை. ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். அக்கா தடங்கலில்லாமல் இரண்டுவரை வந்துவிட்டார். ஐந்து சொற்களைச் சொல்லி, கால்மணி கழித்துக் கேட்டார். ஐந்தையும் சொன்னார். மூளையில் ஒரு குறையும் இல்லை, தைரியமாக இருங்கள் என்று டாக்டர் சிரித்தார்.

படியிறங்கும்போது அக்கா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப தெரிஞ்சேதான் விட்டேனா தம்பி? அந்தப் புள்ள மூணு தடவ கெஞ்சியும் நான் தெரிஞ்சேதான் விட்டேனா?”

சில மறதி பரிசோதனையில் தெரியாது என்று சொன்னேன். அந்த நேரத்தில் அதைவிட ஆறுதலாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். அவர் கொடுத்த மாத்திரையில் அக்கா பகலெல்லாம் தூங்குகிறார்.

அதற்கு முன் ஒருநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அந்தத் தாய் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவின் முன்னால் அக்கா ஒரு மணி நேரம் நின்றார். நான் வண்டியை நிழலில் நிறுத்திக் காத்திருந்தேன்.

நீங்கள் கண்டுபிடித்த எண் என்னுடையதுதான், ஐயா. மூன்று முறையும் அழுத்தியது நான். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். இதில் அக்காவுக்குத் துளியும் சம்பந்தமில்லை. வாக்குமூலத் தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. இதை உடனே போய் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டார். மகளும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இப்போது அவருக்கென்று இருப்பது நான் ஒருவன்தான்.