தங்கத்துக்கு நல்ல கதி

— கையெழுத்து போட மாட்டேன்னா மாட்டேன்தான். அதுக்கு இந்தப் பட்டாளத்து ஆவண ஆபீஸ் வரைக்கும் என்னை ஏன்டி இழுத்துட்டு வந்தே?

— மெதுவா பேசுங்க அத்தை, குமாஸ்தா காதுல விழுது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள, குடும்பத்துல மூத்தவங்க நீங்க கையெழுத்து போட்டாத்தான் உங்க கொள்ளுத்தாத்தா எலும்பை நம்ம குடும்பக் கல்லறைக்கு மாத்துவாங்க. இல்லேன்னா ரோடு போடக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமா தோண்டி எடுக்கற மத்த எலும்போட சேர்த்துப் பொதுக்குழிதான்.

— போகட்டுமே. 'அந்த மனுஷனை என் பக்கத்துல வைக்காதீங்க, சுவரோரமா கெடக்கட்டும்'னு சொல்லிட்டுக் கண்ணை மூடினவ எங்க கொள்ளுப்பாட்டி. அவ வார்த்தையை மீற நான் யாரு?

— சண்டையில குண்டடி பட்டுத் திரும்பினவர். ஊரே பக்திமான்னு சொன்ன மனுஷன், அத்தை.

— ஆமா, பெரிய பக்தி. விடியறதுக்கு முன்னால முட்டி போட்டு, 'ஆண்டவா, தங்கத்துக்கு நல்ல கதி குடு.' முப்பத்தொன்பது வருஷம் இதே பாட்டு. கட்டினவளுக்குன்னு ஒரு வார்த்தை வேண்டினதில்லை. யாருடி அந்தத் தங்கம்? காதால கேட்டுக் கேட்டு வெந்துபோய், பாட்டி அவரோட பேச்சையே விட்டுட்டா.

— அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தை இங்க வந்திருக்கோம். எங்கப்பா அது நெசத் தங்கம்னு நம்பி, கொல்லைப்புறம் பூரா தோண்டினாராமே?

— என் அண்ணனுக்கு அவ்வளவுதான் மூளை.

— ஏம்மா, பேசி முடிச்சாச்சா? நீங்க கேட்ட காகிதக் கட்டு கெடைச்சிருச்சு. பொறுங்க, முறைப்படி வாசிக்கறேன். உங்க ஆளு இருந்த பிரிவுல தங்கம்னு ஒரே ஒரு பதிவுதான். நிறம் சாம்பல். வயசு ஏழு.

— ஏழா? குழந்தையா சார்?

— பொறுங்கம்மா. இடது காதுல ஒரு வெட்டு. நாலு குளம்பும் நல்ல நிலை.

— குளம்பா?

— கோவேறு கழுதைம்மா. மூட்டை சுமக்கறது. ஓட்டினவர் உங்க ஆளு. கடைசிக் குறிப்பைக் கேளுங்க: 'தொடையில் குண்டு பட்டவனைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தது. கரையேறியதும் விழுந்து இறந்தது.'

— கழுதை.

— அத்தை, சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— எனக்கே தெரியலடி. அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

— பாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

— அவளா? வீம்புக்காரி. உயிரே போனாலும் கேட்டிருக்க மாட்டா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் அப்படித்தான், நீயும் சேர்த்து.

— கேட்டிருக்காங்கம்மா.

— என்ன சார் சொல்றீங்க?

— அவர்கிட்ட இல்ல, பட்டாளத்துக்கு எழுதி. இதே கட்டுல கடுதாசி இருக்கு. 'என் கணவர் தினமும் வேண்டிக்கொள்ளும் தங்கம் என்பவள் யார்? உயிரோடு இருக்கிறாளா? தயவுசெய்து எனக்கு மட்டும் தெரிவிக்கவும்.'

— தேதியைப் பாருங்க அத்தை. கல்யாணமாகி மூணாவது வருஷம்.

— பதில்? பதில் போட்டாங்களா இல்லையா?

— அதிகாரி அழகா எழுதியிருக்கார். 'கவலை வேண்டாம் அம்மா, அது ஒரு விலங்கு. உங்கள் கணவரின் உயிரைக் காத்தது.' உறையில விலாசம் எழுதி, முத்திரையும் வெச்சாச்சு. அப்புறம் எவனோ கட்டுக்குள்ளயே செருகிட்டான். போகவே இல்ல.

— மிச்ச முப்பத்தாறு வருஷமும் தபால்காரனைப் பாத்துட்டே இருந்திருப்பா, பாவி. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம.

— அத்தை, மணி நாலேகால் ஆச்சு.

— பேனாவைக் குடு. எங்கே போடணும்? இங்கயா? சரி. ஐயா, அந்த உறையை வெளியே கொண்டுபோக உங்க முறையில இடம் இருக்கா?

— நகல் வேணா தரலாம். எதுக்கும்மா?

— இந்தத் தாளைக் குடுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போறோம். அவ அங்கதான் இருக்கா. நானே கையில குடுத்துடறேன்.