பந்து அவன் கையில் இருந்தது

குளோரின் தண்ணீரிலேயே ஊறிக் கிடப்பவனுக்குச் சளி பிடிக்காது என்பார்கள். நம்பாதீர்கள் சார். எனக்கு வருஷம் முழுக்க மூக்கு ஒழுகுகிறது. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது வாட்டர் போலோ. நீச்சல் குளத்தில், கால் தரையில் படாமல் மிதந்துகொண்டே பந்தைக் கோலுக்குள் எறிய வேண்டும். ஒரு விதியை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். பந்து வைத்திருப்பவனை எதிராளி பிடிக்கலாம், இழுக்கலாம், தண்ணீருக்குள் அமுக்கலாம். அவன் பந்தை விட்ட நொடியே கையை எடுத்துவிட வேண்டும். பந்தைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதன்மேல் கை பட்டிருந்தாலே அவனிடம் இருப்பதாகத்தான் கணக்கு. ஆக, தப்பிக்கும் வழி எப்போதும் அவனிடமே இருக்கிறது. இதைவிட நியாயமான சட்டம் உங்கள் புத்தகத்தில் இருந்தால் காட்டுங்கள்.

என் மனைவியின் தம்பிக்கு அணியில் வைத்த பெயர் உடும்பு. பந்து கிடைத்தால் ஒருவருக்கும் கொடுக்க மாட்டான். தண்ணீரைக் கண்டாலே தொடை நடுங்கியவனை, இடுப்பைத் தாங்கி மிதக்கப் பழக்கியது நான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கிளப் செயலாளர் என்னை எடுத்துவிட்டு அவனைக் கேப்டன் ஆக்கினார். ஆக்கட்டும். ஆனால் உடை மாற்றும் அறையில், எல்லார் எதிரிலும், நாடா வைத்த என் ஆட்டத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இனிமே நீங்க கரையில உக்காந்து விசில் ஊதுங்க. உங்க மூச்சு அதுக்குத்தான் தாங்கும்."

பையன்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பயிற்சி ஆட்டத்துக்கு எங்களிடம் நடுவர் கிடையாது. அணியில் மூத்தவன் கழுத்தில் விசிலோடு ஆடுவான். அவன் ஊதினால் ஃபவுல், ஊதாவிட்டால் ஆட்டம் தொடரும். அதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அன்றும் விசில் என்னிடம்தான்.

இரண்டாகப் பிரிந்து ஆடினோம். பந்து எதிர்ப்பக்கம் இருந்த உடும்புக்குப் போனது. பின்னாலிருந்து தோளைப் பிடித்து அமுக்கினேன். உதைத்தான், என் முழங்கையைப் பிறாண்டினான், பந்தை மட்டும் விடவில்லை.

"அண்ணே, போதும்ணே. மேல வர விடுங்க," என்றான் கோல்கீப்பர்.

"பந்து அவன்கிட்டதானடா இருக்கு? ஆட்டத்தைப் பாரு."

மற்றவர்கள் விசிலுக்காகக் காத்திருந்தார்கள். நல்ல பையன்கள், நான் பழக்கியவர்கள். குறுக்கே வந்து தடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதற்காக இப்போது அவர்களையும் குடையாதீர்கள்.

நேற்று என் மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை. "அவன் விட்டுட்டானாமே. பந்து தனியா மேல வந்துச்சாமே. அப்புறமும் ஏங்க?" என்று கேட்டாள். அவளுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நீங்கள் எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்பதை அவள்தான் நேராகக் கேட்டாள். அவளிடம் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

விட்டான். விரல்கள் தளர்ந்து, பந்து என் தாடைக்கருகே வந்து மிதந்தது. அந்த நொடியே நான் கையை எடுத்திருக்க வேண்டும். விதி தெரியாதவனா நான்? அதை ஒருநாளும் மீறியவனும் இல்லை. அதனால்தான், ஒரு கையால் அவன் கழுத்தைப் பிடித்தபடியே, மறு கையால் அந்தப் பந்தைத் தண்ணீருக்குள் அழுத்திக் கொண்டுபோய் அவன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தேன். அவன் அசைவது நிற்கும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.

அதன்பிறகு விசில் ஊதினேன். ஃபவுல் அவனுடையது. பந்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோகக் கூடாது, சார்.