பூசணி ஸ்டேபிள்

அவள்: சிரிக்கல... சத்தியமா சிரிக்கல. நீ சொல்லு.

அவன்: தோள் குலுங்குது.

அவள்: மாடிப்படியில காத்து ஜில்லுனு வருது, அதான். சரி, நான்தான் மேனேஜர்னு வெச்சுக்கோ. பன்னெண்டு மணிக்கு அவர்கிட்ட சொல்லப் போறதை இப்ப என்கிட்ட சொல்லு.

அவன்: சார், நம்ம சாஃப்ட்வேர் பதினாலு கன்டெய்னர் இமேஜா, அதாவது பதினாலு ரெடிமேட் பொட்டலமா, வாடிக்கையாளருக்குப் போகுது. பதினாலையும் எப்படிக் கட்டணும்னு ஒரே ஃபைல்ல...

அவள்: கட்டறதுன்னதும் சிமென்ட் விலை கேப்பாரு. விற்பனையிலேருந்து வந்த மனுஷன்.

அவன்: சரி, எப்படித் தயாரிக்கணும்னு ஒரே ஃபைல்ல எழுதியிருக்கு சார். முன்னெல்லாம் பதிப்பு எண்ணைப் பதினாலு இடத்துலயும் கையால மாத்துவோம். எனக்குத்தான் மூளை ஜாஸ்தியாச்சே... அதை ஒரு வேரியபிளா வெச்சேன். ஒரு இடத்துல மாத்தினா பதினாலுலயும் மாறும்.

அவள்: நல்ல யோசனைதானேப்பா?

அவன்: ஆமா சார். ஒரு இடத்துல தப்பினா பதினாலுலயும் தப்பும். அதுவும் என் யோசனைதான்.

அவள்: என்னதான் தப்பு?

அவன்: ரிலீஸ் பண்றப்ப எண் குடுக்க மறந்துட்டா, வேரியபிள்ல முன்கூட்டியே ஒண்ணு போட்டு வெச்சிருப்போம்ல, டீஃபால்ட்டு, அதை எடுத்துக்கும். புத்தி உள்ளவன் அங்க பூஜ்யம் போடுவான். நான்...

அவள்: நீ?

அவன்: பூசணின்னு போட்டேன்.

அவள்: பூ... பூசணியா?

அவன்: சிரிக்கிற!

அவள்: மேனேஜர் சிரிக்கிறாரு. எண் குடுக்க மறந்தது யாரு?

அவன்: நானேதான் சார். இவ்வளவு பொருத்தமான ஆள் வேற யாரு? அடுத்தது என் ஃபங்ஷன், நான் எழுதின குட்டி நிரல். எதைக் குடுத்தாலும் வாங்கி, பின்னால ஒரு கோடு போட்டு, ஸ்டேபிள்னு, அதாவது சோதிச்சாச்சு நம்பலாம்னு, ஒட்டித் தரும். எண்ணா காயான்னு கேக்காது. கேக்க வைக்க ஒரு வரி போதும். ஃபங்ஷனுக்குப் பேர் யோசிச்சே ரெண்டு நாள் போயிருச்சு.

அவள்: ஆக, காலையில நாலாயிரம் பேர் லாகின் பண்ணினப்ப...

அவன்: "பதிப்பு: பூசணி-ஸ்டேபிள்." ஒருத்தர், இதுல புதுசா என்ன வசதின்னு மெயில் போட்டிருக்காரு.

அவள்: ஐயோ... வயிறு வலிக்குது. பூசணி யாருன்னு மேனேஜர் கேட்டா?

அவன்: போன்லயே கேட்டுட்டாரு. எங்க வீட்டு நாய்னு சொல்லிட்டேன்.

அவள்: நம்ம வீட்டுல ஏது நாய்?

அவன்: பயத்துல வந்துருச்சு. அவரும் நாய் வளர்க்கிறாராம்... போட்டோ கேக்குறாரு.

அவள்: அடப்பாவி! கட்டின பொண்டாட்டியை நாயாக்கிட்டியே!

அவன்: பொண்டாட்டின்னு சொன்னா அவரு போட்டோ கேக்க மாட்டாரு. திரும்பிப் பார்த்தா போதும். மூணு மேசை தள்ளி நீ உக்காந்திருக்க.

அவள்: சரி, விளையாட்டு போதும். நிஜமா என்ன கேப்பாரு?

அவன்: யார் பார்த்து ஓகே போட்டதுன்னு. ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பார்க்காம உள்ள போகக்கூடாதே.

அவள்: அதுக்கு?

அவன்: யாரும் பார்க்கல, அவசரத்துல நானே உள்ள தள்ளிட்டேன்னு சொல்லப் போறேன்.

அவள்: அப்படிச் சொன்னா அந்த ஃபைலையே தொட விடமாட்டாங்க. டீம் லீட் பதவியும் போச்சு. ஆறு வருஷமா அதுக்காக நாயா...

அவன்: நாய் வேண்டாம்.

அவள்: ...மாடா உழைச்சிருக்க. பொய் சொல்லி ஏன் கெடுத்துக்கிற? ஓகே போட்ட ஆள் பேர் பதிவாகியிருக்குமே.

அவன்: அது எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

அவள்: நீ பார்த்தியா?

அவன்: ம்... காலையிலயே.

அவள்: என் பேரு.

அவன்: உன் பேரு. விடு... நூத்துமுப்பது வரி, கிளம்பற நேரம், கண்ணுல படாம போயிருக்கும். கோமாளித்தனம் பண்ணினது நான், திட்டு வாங்க நீயா?

அவள்: அந்தப் பேரை ஏன் போட்ட? நீ அப்படிக் கூப்பிட்டு... எத்தனை வருஷம் ஆச்சு.

அவன்: என்ன போடலாம்னு தலையைத் தூக்கினேன். நீ கன்னத்தை உப்பிக்கிட்டு எதையோ டைப் பண்ணிட்டிருந்த. கூப்பிடணும் போல இருந்துச்சு. பால், கரண்ட் பில் தவிர நாம வேற பேசறதே இல்லையே... கூச்சமா இருந்துச்சு. விரல் அடிச்சிருச்சு. மறுநாள் மாத்திக்கலாம்னு விட்டேன். என் லட்சணம்தான் தெரியுமே.

அவள்: மணி ஆச்சு. எழுந்திரு.

அவன்: நீ எங்க வர்ற?

அவள்: ஓகே போட்டது நான்தான்னு சொல்ல.

அவன்: உனக்கென்ன பைத்தியமா? கண்ணுல படலைன்னுதானே...

அவள்: பட்டுச்சு. பதினேழாவது வரி. ரெண்டு தடவை படிச்சேன்... சொன்னா மாத்திடுவியேன்னுதான் ஓகே போட்டேன்.